பதினேழு குறை உள்ள வீடு

என் மனிசனின் பெயரை நான் வாயால் சொல்லுவதில்லை. சொல்லக் கூடாதென்று யாரும் தடுத்ததில்லை, பழக்கம் அப்படி. எழுதுவதற்கு அப்படி ஒரு பழக்கம் இல்லாததால் எழுதிவிடுகிறேன்: அருளம்பலம். திருகோணமலையில் வீடு வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்க மாட்டார்கள். காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னாலேயே, "அருளம்பலத்தாற்ற பட்டியல் இருக்கோ?" என்றுதான் கேட்கிறார்கள். எழுபத்து மூன்று வயதிலும் இவர் ஏணியில் ஏறி, ஓட்டைக் கிளப்பிப் பார்த்து, கைமரத்தைத் தட்டிப் பார்த்து, காதில் செருகிய பென்சிலோடு இறங்கி வருவார். அதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்.

எனக்கு அதில் பெருமைதான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஆனால் அந்தப் பட்டியல் முதன்முதலில் எழுதப்பட்ட வருடம், அதைக் கிழித்து அடுப்பில் போட்டால் என்ன என்று நினைத்தவளும் நான்தான். அறுபத்து நாலாம் ஆண்டு அது.

இவர் டொக்யாட்டில் கப்பல் தச்சர். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஒரு முறை இருந்தது. பழுதுபார்க்க ஒரு கப்பல் வந்தால் அதோடு ஒரு குறைப் பட்டியலும் வரும். எந்தப் பலகை இற்றுப் போயிற்று, எந்த ஆணி தளர்ந்தது என்று இலக்கம் போட்டு எழுதியிருக்கும். வேலையைச் செய்து, கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தந்த இலக்கத்துக்கு நேரே கையெழுத்து வைப்பார்கள். செய்ய ஏலாமல் விட்டதையும் எழுதிக் கப்பல்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். "கடலுக்குப் போறவனுக்குத் தெரியாமல் ஒரு ஓட்டையும் கப்பலில போகப்படாது" என்று இவர் சொல்லுவார். நல்ல முறைதான். ஆனால் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கலியாணம் கட்டிய புதிதில் எனக்கே வாயால் ஒரு பட்டியல் சொன்னவர்: புட்டுக்கு உப்புக் குறைவு, அலுமாரிக் கதவைச் சாத்துவதில்லை, கோபம் வந்தால் சட்டி பானையில் காட்டுவது. மூன்றாவதை நான் இன்றுவரை திருத்தவில்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போக, இவருடைய வேலையும் போயிற்று. பிறகு மீன்பிடி வள்ளங்களுக்குப் பலகை மாற்றிக் கொடுத்துத்தான் குடும்பம் நடந்தது. எங்களுக்கு ஒரே மகள், இராசமலர். நிலாவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு வாத்தியாருக்குப் பேசி முற்றாக்கினோம். எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் அவள் பெயரில் ஒரு வீடு எழுத வேண்டும். உப்புவெளியில் எனக்குச் சீதனமாக வந்த காணி கிடந்தது. அதில் சுவர் எழுப்பினோம். கூரைக்கு வரக் கை வெறுங்கையாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார், "ஆவணிக்குள்ள ஓடு போட்டு முடியுங்கோ. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் வேற இடம் பாக்கிறம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால்தான் உட்துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விற்க முடிவெடுத்தோம். சுதந்திரம் கிடைத்த வருடம் இவர் தன் கையால் கட்டிய வீடு அது. அது விலைப்பட்டால்தான் என் பிள்ளைக்குக் கலியாணம். சித்திரை மாதம் முழுக்க எனக்கு வேறு யோசனையே இல்லை.

வீட்டு விஷயம் என்றால் திருகோணமலையில் அப்போது ஒரே ஆள் தரகர் ஸெய்னுதீன் நானா. வெள்ளைச் சாரமும் கறுப்புக் குடையுமாக அவர் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீடு கைமாறப் போகிறது என்று தெருவுக்கே தெரியும். எங்கள் வீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்:

"ஐயா, வீடு நல்ல வீடு. வாறவங்களோட நான் கதைக்கிறேன். நீங்க ஒண்டும் கதைக்க வேணாம், சிரிச்சுக்கொண்டு நிண்டால் போதும்."

"நான் கதைக்க மாட்டன் நானா" என்றார் இவர். சொன்ன சொல் தவறவில்லை. கதைக்கவில்லை, எழுதினார்.

இரண்டு நாள் ஏணியும் கையுமாக வீட்டைச் சுற்றி வந்து, ஒரு நீளத் தாளில் முத்து முத்தான எழுத்தில் பதினேழு குறை எழுதி, ஹோலில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். ஒன்றாவது, புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதம் உப்புச் சவர்க்கும். நாலாவது, காற்று திரும்பினால் குசினிப் புகை ஹோலுக்கு வரும். ஏழாவது, மேற்குப் பக்கத் தென்னை வீட்டை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. பதினாலாவது, பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரகாலம் தெரியாது. சேவல் எங்கள் வீட்டுக் குறையா என்று கேட்டேன். "படுக்கிறவனுக்குக் குறைதானே" என்றார்.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்பதாவது. நடு அறையில் சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டிருந்த பெரிய மரம், தீராந்தி என்போமே, அது உள்ளே வெடித்திருந்தது. புதிது போடுகிற காசு உப்புவெளிச் சுவருக்குப் போய்விட்டதால், வெடித்த இடத்தில் ஒரு இரும்புப் பட்டியைச் சுற்றி இறுக்கியிருந்தார். பட்டியலில் எழுதியது அப்படியே எனக்கு ஞாபகம்: "பட்டி போட்டிருக்கிறது. இரண்டு மூன்று வருடம் தாங்கும். பெருங்காற்றுக்குத் தாங்காது."

முதலில் வந்தவர் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர். வீடு பிடித்துக்கொண்டது. போகும்போது நாட்காட்டியில் நாள் பார்க்கத் திரும்பியவர், பக்கத்தில் இருந்ததைப் படித்தார். ஆறாவது குறையோடு செருப்பைப் போட்டுக்கொண்டார். இரண்டாவதாக வந்த புருசனும் பெண்சாதியும் படித்துவிட்டு, வீதி முனை வரைக்கும் சிரித்துக்கொண்டு போனார்கள். நானாவுக்கு வந்த ஆத்திரத்தில் குடையை நிலத்தில் குத்தினார்.

"ஐயா, இருபது வருசமா தரகு செய்றேன். சொந்த வீட்டை இப்படிப் பழி சொல்ற மனிசனை நான் கண்டதில்லை."

"பழி இல்லை நானா. இருக்கிறதை எழுதினனான்."

வைகாசி போயிற்று. ஆனியும் வந்தது. உப்புவெளியில் கூரை இல்லாத சுவருக்குள் புல் முளைத்தது. மாப்பிள்ளையின் தாய், கோயிலில் என்னைக் கண்டு பிள்ளையார் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சட்டி பானையில் காட்டிய கோபத்தில் இரண்டு சட்டி உடைந்தது.

அந்தக் கிழமைதான் நானா குசினிப் பக்கமாக வந்தார். இவர் உப்புவெளிக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு ஆனந்தராசாவைக் கூட்டிக்கொண்டு வாறேன். பெற்றோல் அடிக்கிற செட் வைச்சிருக்கிறவர், கையில காசோட வருவார். ஆனா அந்த இரும்புப் பட்டி கண்ணில குத்துது. கையில கட்டுப் போட்ட மாப்பிள்ளையை ஆர் எடுப்பாங்க? பட்டியைக் கழட்டி, வெடிப்புக்கு மெழுகும் மரத்தூளும் அடைச்சு, ஒரு பெயின்ற் அடிச்சால் சரி. அந்தத் தாளையும் ஒரு நாளைக்குக் கழட்டி வைங்க."

நான் மறுத்துப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். உடனே ஓம் என்றேன். மகளின் கலியாணத்தைத் தவிர வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் விடிய இவர் உப்புவெளிக்குப் புறப்பட்டதும் பட்டியலை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். கையோடு நானா மெழுகும் பெயின்றுமாக வந்துவிட்டார். வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஏணி என்றால் தலைசுற்று. இரண்டாம் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவரை இறக்கிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஏறினேன். பட்டியைக் கழற்றினேன், வெடிப்பை அடைத்தேன், மேலே கீழே என்று சுற்றிவரப் பச்சைப் பெயின்ற் அடித்து முடித்தேன். நானா கீழே நின்று, "போதும் தங்கச்சி, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் ஆனந்தராசா வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பச்சைத் தீராந்தியையும் பார்த்து, "நல்ல வைரம் பாய்ஞ்ச மரம் போல" என்றார். நானா தொண்டையைச் செருமினார். அச்சவாரமாக முற்பணம் கொடுக்க ஆனந்தராசா பைக்குள் கை வைத்த நேரம் படலை திறந்தது. இவர் வழக்கத்துக்கு முந்தி வந்துவிட்டார்.

வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். பெயின்ற் மணம். நேரே நடு அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ஏணியை இழுத்துச் சாத்தி ஏறி, மடியிலிருந்த பேனாக்கத்தியால் கிண்டினார். மெழுகும் தூளுமாகப் பச்சைத் தோலோடு கீழே கிடந்த கட்டிலில் விழுந்தது.

"தம்பி, இதை வந்து பாருங்கோ. இந்த மரம் வெடிச்சது. என்ர வீட்டில உங்களுக்கு ஒருத்தரும் இதை மறைக்கப்படாது."

ஆனந்தராசா கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, கும்பிட்டு, போய்விட்டார்.

"ஆர் செய்தது?" என்று இவர் கேட்டார். நானா ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தான் ஐயா. தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது."

அந்த மனிதர் என்னைக் காப்பாற்றினார், நான் பேசாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் கூட. நானா போனதும் வெடித்தேன்.

"உங்கட பட்டியலைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில குடுங்கோ! பதினெட்டாவதாய், தேப்பன் பிழைக்கத் தெரியாதவன் எண்டு எழுதிக் குடுங்கோ!"

இவர் இரும்புப் பட்டியைத் தேடி எடுத்துத் திரும்பவும் இறுக்கிக்கொண்டிருந்தார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இராசமலர் என் சேலைகளைத் தூக்கி, பட்டியலை எடுத்து, பழைய ஆணியில் தொங்கவிட்டாள்.

"அம்மா, இப்பிடி வித்த காசில போட்ட கூரைக்குக் கீழ எனக்கு நித்திரை வராது" என்றாள். கலியாணம் நின்றால் அழப் போகிறவளே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

ஆடி பிறந்து நாலைந்து நாளில் நானா இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூதூரிலிருந்து கடல் கடந்து லோஞ்சில் வந்த கலீலுர் றஹ்மான் ஹாஜியார், நெல் வியாபாரம் செய்கிறவர். மகள் அசனாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், மருமகன் பாயிஸ் கச்சேரியில் கிளாக்கர். எங்களைப் போலவே அவர்களும் மகளுக்கு வீடு கொடுக்கிறவர்கள். நானா இந்த முறை வர்ணிக்கவும் இல்லை. "வீடு இது. குறை அந்தச் சுவத்தில தொங்குது" என்று சொல்லிவிட்டு விறாந்தையில் குந்திவிட்டார்.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பட்டியலை நின்றபடியே படித்தார். ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு திரும்பவும் படித்தார். கிளாசை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார். சரி, இந்த ஆளும் போனார் என்று நான் கிளாசைக் கழுவினேன். ஆனால் அடுத்த நாள் காலமையே ஒரு மேசனையும் ஒரு தச்சனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மூவரும் பொழுதுபடும்வரை வீட்டைத் தட்டினார்கள், தோண்டினார்கள், முகட்டில் ஏறினார்கள். கிணற்றுக்குள் வாளி விட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஹாஜியார் கதிரையில் வந்து இருந்து முகத்தைத் துடைத்தார்.

"பதினெட்டாவது குறையைத்தான் தேடினேன் ஐயா. கிடைக்கல்ல. இது நான் பாத்த ஒன்பதாவது வீடு. மத்த எட்டு வீட்டிலயும் ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொன்னாங்க. எனக்கு அந்த எட்டையும் நினைச்சால்தான் பயமா இருக்கு. இது என்ட மகள் படுக்கப் போற வீடு."

தீராந்தி மாற்றுகிற செலவைக் கழித்து விலை பேசினார். இவர் உடனே ஒப்புக்கொண்டார். நான் பயந்த அளவுக்குக் குறையவும் இல்லை, உப்புவெளிக் கூரைக்குப் போதுமாக இருந்தது. நொத்தாரிசிடம் உறுதி முடித்த அன்று, விறாந்தையில் நானா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "தங்கச்சி, நான் இவரிட்டத் தோத்துப் போனேன். ஆனா ஏனோ சந்தோசமா இருக்கு."

வீட்டை விற்ற பிறகும் இவர் மூன்று நாள் அங்கே போனார். முதிரை மரம் தெரிந்தெடுத்துக் கொடுத்து, தச்சனோடு நின்று, புதுத் தீராந்தியை ஏற்றி முடித்துத்தான் வந்தார். ஹாஜியார் பட்டியலை நீட்டி, ஒன்பதாவதுக்கு நேரே கையெழுத்துக் கேட்டாராம். "இன்னும் கடலுக்குப் போகேல்லை. காத்து அடிக்கட்டும்" என்று இவர் மறுத்துவிட்டார். அதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவர் அவர்களிடம் தென்னையை வெட்டவும் சொன்னாராம். இளநீர் நல்லது, நிற்கட்டும் என்று அசனா சொல்லிவிட்டாளாம்.

ஆவணி இருபதாம் திகதி இராசமலரின் கழுத்தில் தாலி ஏறியது. மேலே புது ஓடு. அந்தக் கூரையைப் பார்த்துத்தான் நான் அழுதேன், தாலியைப் பார்த்தல்ல.

அந்த மார்கழியில் சூறாவளி அடித்தது. திருகோணமலையில் அப்போது இருந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடிந்தபோது மகளோடு நாங்களும் இருந்த உப்புவெளி வீட்டில் இருபது முப்பது ஓடு போயிருந்தது, மற்றப்படி எல்லாரும் சுகம். இவர் ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் சேட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்க போறியள்?"

"அந்த அசனாப் பிள்ளை நடு அறையிலதான் படுக்கிறது."

நானும் பின்னால் ஓடினேன். வீதி முழுக்க மரம். ஏறி, குனிந்து, சுற்றிப் பட்டணம் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வழி நெடுக எனக்குப் பச்சைப் பெயின்ற்தான் மணத்தது. ஆனந்தராசா வாங்கியிருந்தால்? யாரோ ஒருவர் அந்த மெழுகுக்குக் கீழே படுத்திருப்பாரே என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மேற்குத் தென்னை அடியோடு சாய்ந்து நடு அறைக் கூரையில் கிடந்தது. ஓடெல்லாம் நொறுங்கி, கைமரங்கள் முறிந்து வானம் தெரிந்தது. உள்ளே போனோம். தென்னை முழுப் பாரத்தோடும் தீராந்தியில் தங்கி நின்றது. கீழே கட்டில். கட்டில் முழுக்க ஓட்டுத் துண்டு. ஒரு மூலையில் அசனா பாயிசின் சேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் சின்னக் கீறல், வேறொன்றும் இல்லை.

"மரம் விழுந்து நிண்டிட்டுது மாமி, கீழ வரல்ல" என்று என் கையைப் பிடித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அப்படி அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கியிராது.

இவர் கதிரையில் ஏறித் தீராந்தியை இரு முனையும் தடவிப் பார்த்தார். இறங்கினார். ஹோல் சுவரில் பட்டியல் நனைந்துபோய், ஆனால் அதே ஆணியில் தொங்கியது. காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒன்பதாவதுக்கு நேரே கையெழுத்து வைத்தார்.

அந்த நேரம் ஸெய்னுதீன் நானாவும் வந்து சேர்ந்தார். குடையில் சீலை இல்லை, கம்பிதான். தான் விற்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாராம், ஐந்து வீட்டில் கூரை இல்லை. தீராந்தியை அண்ணாந்து பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இனி நான் காட்டுற எல்லா வீட்டுக்கும் ஒரு பட்டியல் எழுதித் தருவீங்களா?"

"தாறன். ஏணி மட்டும் நீங்கள் பிடிக்க வேணும்."

அப்படித்தான் இந்தப் பட்டியல் ஊர் வழக்கமானது.

திரும்பி நடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. ஒரு விழுந்த வேம்பில் இருந்துகொண்டு சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்கு நானா பொய் சொன்னவர். பட்டியைக் கழட்டினதும் பெயின்ற் அடிச்சதும் நான்."

"தெரியும்" என்றார் இவர்.

"எப்ப தொடக்கம்?"

"ஏணியில ஏறின உடனேயே. தீராந்தியின்ர மேல் பக்கமும் பெயின்ற் அடிச்சிருந்தது, அன்னம். நானா எண்டால் கீழ நிண்டு பாக்கிறவனுக்குத் தெரியிற பக்கம் மட்டும்தான் அடிச்சிருப்பார். ஒருத்தரும் பாக்காத பக்கத்தையும் ஒழுங்காய் அடிக்கிறது இந்த ஊரில நீர் ஓராள்தான்."

ஐந்தாறு மாதம் தெரிந்துகொண்டே ஒரு சொல் கேட்காத மனிதர், கையைத் தந்து என்னை மரத்திலிருந்து எழுப்பினார். உப்புவெளி வந்து சேரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை. வீதியில் ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நடந்தேன்.